மறந்த மலை, பதிப்பு 1.4

எங்கள் மூவரின் மொத்த வயது இருநூற்று இருபத்தெட்டு. இணையத்தில் எங்களைப் பத்தொன்பது வயதுப் பையன்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் முப்பது லட்சம் பேர். சரி, மூவாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களில் ஒவ்வொருவரும் ஆயிரம் ஆளுக்குச் சமமாகச் சத்தம் போடுகிறவர்கள். ஆகவே என் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது 'மோட்'. ஒரு கம்பெனி கணினி விளையாட்டு ஒன்றை விற்கும். அதை ஆடுகிற ரசிகர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் புதுத் துப்பாக்கி, புது மலை, புதுப் பட்டாளம் எல்லாம் செய்து அதன்மேல் ஒட்டி ஊருக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். அதுதான் மோட். 'இரும்பு எல்லை' என்ற போர் விளையாட்டில் உலகத்துப் படைகள் எல்லாம் இருந்தன. பர்மாவில் ஜப்பானியரோடு மோதிய நம் ஆட்கள் மட்டும் இல்லை. ஒரு காட்சியில் தலைப்பாகை கட்டிய ஒருவர் வெள்ளைக்கார அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உடனே செத்துப்போவார், அவ்வளவுதான். அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் 'மறந்த மலை' என்ற எங்கள் மோட் பிறந்தது.

பிறந்த இடம், திருவெறும்பூரில் வையாபுரி அண்ணன் வீட்டு முன்னறை. அவர் பாய்லர் தொழிற்சாலையில் வரைபடக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்து மூன்று. த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைத் திருகு திருகாகக் கணினியில் வரைந்தவர் அவர். ஒரு திருகின் தலையில் இருக்கும் கீறலுக்காகப் பதினேழு நாள் தூங்காமல் இருந்தார். சத்தத்துக்குப் பொறுப்பு கமலவேணி அம்மா, வயது அறுபத்தெட்டு. வானொலியில் முப்பது வருஷம் ஒலிப்பதிவு செய்தவர். எறும்பு தும்மினால் எந்தக் கால் வழுக்கியது என்று சொல்லிவிடுவார். நான் இருதயராஜ், எழுபத்தேழு. ராணுவத் துப்பாக்கிப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தேன். மோட்டில் என் வேலை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கீழே நாலு வரி வர்ணனை எழுதுவது. நான் எழுதியதைப் படித்தால் துப்பாக்கியே கூச்சப்பட்டு உறைக்குள் போய்விடும்.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. வையாபுரி அண்ணனுக்கு அப்படி இல்லை.

அவருடைய அப்பா நாயக் சின்னக்கண்ணு (நாயக் என்பது பட்டாளத்தில் ஒரு பதவி), பர்மா மலையில் சண்டை போட்டவர். திரும்பி வந்து, ஐம்பத்தொன்றில் காய்ச்சல் கண்டு இறந்தார். அண்ணனுக்கு அப்போது நாலு வயது. முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது. மிஞ்சியது ஒரு பழைய சம்பளப் புத்தகம், அதில் அப்பாவுக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண். அந்த எண்ணை எழுதி அண்ணன் பத்தொன்பது வருஷமாக நாடு முழுக்கக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர்கள் மூன்று தலைமுறை அவரால் ஓய்வு பெற்றார்கள். கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியிலிருந்து பதில் வந்தது. மாணவர் அணிவகுப்புக்கு வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளில் அந்த எண் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

இன்னொரு அவசரமும் இருந்தது. சர்க்கரை அண்ணனின் விரல் நரம்புகளைத் தின்றுகொண்டிருந்தது. இடதுகை விரல்களில் உணர்ச்சி போயே போய்விட்டது. வலதுகைக்கு டாக்டர் ஆறு மாசம் கொடுத்திருந்தார்.

மூவரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கமலவேணி அம்மா ஒரு டார்ச் லைட் அளவுக் கருவியோடு வந்தார். அதற்குத் தழும்புமானி என்று பெயர். நான் வலதுகையில் மாவுக்கட்டோடு வந்தேன். ஓடும் பேருந்தில் நாலு திருடர்களை விரட்டியபோது விழுந்தது என்று பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். குளியலறையில் வழுக்கியது என்பதை அண்ணன் அடுத்த சீட்டிலிருந்து உரக்கத் திருத்தினார்.

கல்லூரிக் கிடங்கில் அந்தத் துப்பாக்கியை மேஜைமேல் கிடத்தினார்கள். இனி யாரும் சுட முடியாதபடி பேரலில், குண்டு போகும் குழாயில், ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். உடம்பில் ஒரு எண், போல்ட்டில் அதே எண், பேரலில் அதே எண். மூன்றையும் நான் பூதக்கண்ணாடியில் பார்த்து, சம்பளப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, "அண்ணே, இவன்தான்," என்றேன். எங்கள் பட்டறையில் எண் பொருந்திவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டோம்.

கமலவேணி அம்மா தழும்புமானியை வைத்தார்.

"இது பாலத்துல விரிசல் தேடுற கருவி," என்றார். "இரும்புக்குள்ள எப்ப எவ்வளவு சுமை விழுந்துச்சுன்னு படிச்சுடும். துப்பாக்கி சுடறப்ப பேரல் கொதிச்சு நெளியுதில்ல, அந்த ஒரு நொடியில பிடிச்சிருக்கிற கை எப்படி அழுத்துச்சு, மூச்சு எங்க நின்னுச்சு, எல்லாம் உள்ளேயே உறைஞ்சு போயிடும். தழும்பு மாதிரி."

"யாரு கை?" என்றார் அண்ணன்.

"கடைசியா சுட்டவரோடது மட்டும் தெளிவா வரும். அதுக்கு முந்தினதெல்லாம் அழிச்சு அழிச்சு எழுதின சிலேட்டு, ஒண்ணும் புரியாது."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கிடங்குக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணன் குடிக்கவில்லை, டம்ளரை வலதுகையால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு குண்டு," என்றார் கமலவேணி அம்மா திரையைப் பார்த்து. "அஞ்சும் ஒரே ஆளு."

"சண்டைக்கு அப்புறம் இது கிடங்குலயே கிடந்திருக்கு," என்று அண்ணன் மெதுவாகக் கணக்குப் போட்டார். "அங்கேர்ந்து காலேஜ். காலேஜ்ல ஓட்டை. நடுவுல யாரும் சுடல. அப்படின்னா கடைசியா சுட்டது..."

வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்து என்ற எண்ணைக் கேட்டதும் என் தலைக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் அந்த நேரத்தில் வர்ணனைக்கு முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து குண்டுகளையும் மோட்டில் ஏற்றினோம். இப்போதெல்லாம் விளையாடுகிறவர்கள் உணர்கையுறை என்று ஒன்று மாட்டிக்கொள்கிறார்கள் அல்லவா, திரையில் கல்லைத் தொட்டால் கையில் கல் தெரியும், அதில் அந்தக் கையின் பிடி அப்படியே வரும்படி செய்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஜோடி. அண்ணன் மாட்டிக்கொண்டார். த்ரீ நாட் த்ரீயின் விசை இரண்டு கட்டமாக வரும்: முதல் இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டாம் இழுப்பு. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இழுக்கிறாரு," என்றார் அண்ணன். "நிறுத்திட்டாரு. இரு... நடுங்குறாரு, கமலம்மா."

"ஆமா சார். அந்த நிறுத்தத்துல ஒரு அதிர்வு இருக்கு. அஞ்சு தடவையும் இருக்கு."

"பயந்திருக்காரு." அண்ணன் சிரித்தார், கன்னத்தில் தண்ணீர் ஓடியது. "பயந்துகிட்டே நின்னிருக்காருடா இருதயம். எங்க அப்பா."

அதன்பின் தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் ஐந்து முறை சுடுவார். முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். டாக்டர் கொடுத்த ஆறு மாசத்தை அவர் அதில்தான் செலவு செய்தார்.

மோட் வெளியானது. துப்பாக்கியின் பெயர், 'நாயக் சின்னக்கண்ணு கை'. என் வர்ணனை பதினாறு மொழிகளில் போனது (மூன்று). கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று ஒசாகாவிலிருந்து, மிசாகி என்ற பள்ளி ஆசிரியை எழுதியது. அவருடைய அம்மாவின் பெரியப்பா பத்தொன்பது வயதில் அந்த மலைச்சரிவில்தான் செத்தாராம். "அம்மாவுக்குக் கையுறை மாட்டிவிட்டேன்," என்று எழுதியிருந்தார். "எங்கள் வீட்டில் எதிரி என்றால் எப்போதும் ஒரு இரும்பு உருவம்தான். அந்தக் கை நடுங்கியதும் அம்மா அழுதுவிட்டார். இப்போது பெரியப்பா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போது உங்கள் நாயக்குக்கும் ஒன்று ஏற்றுகிறார்."

அண்ணன் அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விழுந்து நாலு மாசம் கழித்துத்தான் என் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். புதுப் பதிப்பைச் சோதிக்க வேண்டும் என்று கையுறையை எடுத்து மாட்டினேன்.

மாட்டிய உடனே முதலில் தெரிந்தது, வலி இல்லை என்பதுதான். என் கட்டைவிரல் மூட்டு பதினைந்து வருஷமாக என்னோடு பேசுவதில்லை. இந்தக் கைக்கு மூட்டே கிடையாது, எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் இழுப்பு. நிறுத்தம். அந்த அதிர்வு. இரண்டாம் இழுப்பு. தோளில் உதை விழுந்தது. அதோடு எனக்குப் பொன்மலைப் பக்கத்துக் காலைக் காற்று மூக்கில் அடித்தது, ஈர மணல் மூட்டை வாசனை அடித்தது, கேண்டீனில் வெங்காயம் வதங்கும் வாசனை அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையுறைக்கு வாசனை கிடையாது.

அது எனக்குத் தெரிந்த கை. இருபத்தொரு வயதில் என்னிடம் இருந்த கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலு. பழைய த்ரீ நாட் த்ரீக்கள் எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும். தேய்ந்த பேரலைக் கழற்றி வெட்டிப் போட்டுவிட்டு, புதுப் பேரல் மாட்டுவோம். மாட்டி, அதில் பழைய எண்ணையே அடிப்போம். அதுதான் வழக்கம். துப்பாக்கியில் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா. எண் அடித்ததும் சோதனைப் பிரிவுக்கு வரும். நாங்கள் தோளில் வைத்து, மணல் மூட்டையைப் பார்த்து, ஐந்து குண்டு சுடுவோம். ஐந்து. ஆறில்லை, நாலில்லை. ஒரு நாளைக்கு நாற்பது துப்பாக்கி. உலகத்தில் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாத ஒரு ஆள் உண்டென்றால் அது நான்தான். நான்தான் ஏமாந்தேன்.

அந்த நடுக்கம் பயம் இல்லை. நான் சுடும்போது பாட்டு முனகுவேன். தாடை துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருக்கும், முனகல் அப்படியே இரும்புக்குள் இறங்கும். மேஸ்திரி பலதடவை திட்டியிருக்கிறார். அந்த வருஷம் கேண்டீன் ரேடியோவில் தினமும் ஓடிய ஒரு காதல் பாட்டு, கேண்டீனில் தட்டு வைக்கும் ரெஜினாவுக்காக நான் பாடம் பண்ணியது. ரெஜினா பிறகு ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு போனாள்.

இவ்வளவும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு அரை நிமிஷம். பிறகு ஒசாகாவில் ஒரு அம்மா என் கேண்டீன் பாட்டுக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. அண்ணன் ஞாபகம் அதற்கும் பிறகுதான் வந்தது. அவருடைய வலதுகை ஆள்காட்டி விரலில் போன வாரம்தான் உணர்ச்சி போயிருந்தது. காபி டம்ளர் சுடுகிறதா என்று இப்போது உதட்டால் பார்க்கிறார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கமலவேணி அம்மாவும் இருக்கும்போது, சொல்லிவிட்டேன். பேரல் மாற்றியது, எண் அடித்தது, மணல் மூட்டை, எல்லாம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அண்ணன் கேழ்வரகுக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "போன மாசம் நீதான் மெரினாவுல திமிங்கலத்தைக் கடலுக்குள்ள தள்ளிவிட்டேன்னே."

"அது வேற அண்ணே."

"அதுக்கு முந்தின மாசம் ஒரு மந்திரி உன்கிட்ட வழி கேட்டாரு."

"அது நிஜம்தான், பஸ் ஸ்டாண்டுக்கு வழி. அண்ணே, இது சத்தியம்."

"எல்லாத்துலயும் நீ இருக்கணும் உனக்கு. கல்யாண வீட்ல மாப்பிள்ளை, எழவு வீட்ல பொணம்." கஞ்சியைக் கீழே வைத்தார். "இப்ப எங்க அப்பா கையும் உன் கையாடா?"

நான் கையுறையை மாட்டி விசையை இழுத்துக் காட்டினேன். கமலவேணி அம்மா இரண்டு பிடியையும் ஒப்பிட்டார். நூற்றுக்கு இருபத்தெட்டு ஒற்றுமை. எழுபத்தேழு வயதுக் கை இருபத்தொரு வயதுக் கைக்குச் சாட்சி சொல்ல முடியவில்லை.

"பாரு," என்றார் அண்ணன். குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

கமலவேணி அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாட்டுன்னீங்களே இருதயராஜ்," என்றார். "இந்த அதிர்வை நான் கையுறைக்கு மட்டும்தான் குடுத்தேன். காதுக்குக் குடுத்துப் பாக்கவே இல்லை. முப்பது வருஷம் காதை வெச்சுத்தான் சோறு தின்னேன், எனக்கே தோணலை."

"வேணாம் கமலம்மா," என்றார் அண்ணன்.

"போடலைன்னா எனக்குத் தூக்கம் வராது சார்."

"எனக்கு வருமே."

கமலவேணி அம்மா கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே தண்ணீர் லாரி வந்து, குடங்கள் வரிசை மாறி, சண்டை ஆரம்பித்து, ஓய்ந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒசாகா கடிதத்தை எடுத்து, பிரிக்காமல், மடிமேல் வைத்துக்கொண்டார். அந்த விரல்களுக்கு அது காகிதம் என்று தெரிந்திருக்காது.

"போடு," என்றார்.

ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் ஒரு நொடி. கமலவேணி அம்மா ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஓடவிட்டார். தேனீ ஒன்று தீப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் முதலில் ஒரு ரீங்காரம். பிறகு அது ஏறியது, இறங்கியது, மூன்றாவது துண்டில் திரும்பிப் பல்லவிக்கு வந்தது. சுருதி எங்கேயும் சேரவில்லை. ஆனால் எழுபத்துநாலில் தமிழ்நாட்டில் காது வைத்திருந்த எவரும் அடுத்த வரியைத் தானே பாடிவிடுவார்கள்.

அண்ணனின் உதடுகள் அசைந்தன. அடுத்த வரி அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பாட்டு பிறக்க இருபத்துமூன்று வருஷம் முன்பே அவர் போய்விட்டார்.

நான் பேசாமல் இருந்தேன் என்பதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

"அந்த அஞ்சு குண்டும் எங்கடா போச்சு?" என்று அண்ணன்தான் கேட்டார்.

"மணல்லண்ணே."

"யாரு மேலயும் படலையே?"

"மூட்டைதான். சாயந்திரம் ரெண்டு பேர் சல்லடை வெச்சு ஈயத்தைப் பொறுக்குவாங்க."

"அப்ப அந்த ஜப்பான் அம்மாவுக்கு முதல்ல எழுது. அவங்க ஊதுபத்தி ஏத்தின கை யாரையும் கொல்லலைன்னு எழுது. நடுங்கினது பயத்துல இல்லைங்கறதையும் மறைக்காதே."

"ரெஜினாவையும் எழுதவா?"

"எழுது. ஒரே ஒரு ரெஜினாவா எழுது. நாலாக்கிடாதே."

கமலவேணி அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சார், துப்பாக்கியிலேர்ந்து இந்தக் கையை எடுத்துடட்டுமா? சாதாரண பிடி ஒண்ணு வெச்சுடலாம்."

அண்ணன் தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. இந்த விரலுக்குக் கடைசியா தெரிஞ்சது அதுதான். அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "இருபத்தொரு வயசுல நல்லாத்தான்டா பிடிச்சிருக்கே," என்றார்.

மோட் செய்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பதிப்போடும் ஒரு குறிப்புக் கோப்பு போகும். யார் வரைந்தது, யார் சத்தம், என்ன மாறியது, என்ன இன்னும் சரியாகவில்லை, எல்லாம் அதில் இருக்கும். அடுத்தவன் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்வதைவிடப் பெரிய பாவம் எங்கள் உலகத்தில் கிடையாது. அண்ணனுக்குத் தட்டச்ச விரல் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் பங்குக்கு ஒரு அடைமொழிகூடச் சேர்க்கவில்லை.

மறந்த மலை, பதிப்பு 1.4.

திருத்தம்: முந்தைய பதிப்புகளில் 'நாயக் சின்னக்கண்ணு கை' என்று இருந்தது தவறு. அது இருதயராஜ், துப்பாக்கிச் சோதனையாளர், வயது இருபத்தொன்று. தவறுக்குப் பொறுப்பு எங்கள் மூவருடையது.

மாற்றம்: பெயர் மட்டும். கை மாற்றப்படவில்லை.

சரிசெய்ய வேண்டியவை: ஒன்று, பாலத்தின் வலதுபக்கத் தூணுக்கு நிழல் விழவில்லை. இரண்டு, மழைக் காட்சியில் காலணிச் சத்தம் அரை நொடி தாமதமாக வருகிறது. மூன்று, என் அப்பாவின் கை இன்னும் கிடைக்கவில்லை.